தலைக்கவசம்: கட்டாயமா, இஷ்டமா?

ஒரு மனிதன் தன் தலையைத் தானே காத்துக்கொள்ள வேண்டுமென்று சர்க்கார் சட்டம் செய்து அவனை நிர்ப்பந்திக்கலாமா? முதற்பார்வைக்கு இக்கேள்வி அற்பமானதென்று தோன்றக்கூடும். தேசத்தில் எத்தனையோ பெரிய பிரச்னைகள் இருக்கையில், சைக்கிளில் செல்பவன் தலையில் என்ன அணிந்திருக்கிறான் என்பதைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் நகைக்கவுங் கூடும். ஆனால் சர்க்காருக்கும் பிரஜைகளுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பது சிறு விஷயங்களிலேதான் அதிகத் தெளிவாக வெளியாகிறது. எவருடைய செளகரியத்துக்காக ஒரு சட்டம் செய்யப்படுகிறது, அதன் பாரம் எவருடைய தலைமேல் ஏற்றப்படுகிறது என்று பார்த்தால், சட்டம் செய்தவர்களின் மனப்போக்கு விளங்கிவிடும். இந்த விஷயத்திலோ பாரம் உண்மையாகவே தலைமேல்தான் ஏற்றப்படுகிறது.

இவ்விவாதம் முற்றி நிற்பது ஆஸ்திரேலியாவில். அந்நாட்டின் விக்டோரியா மாகாணத்தார், சிறியவர் பெரியவர் என்ற வித்தியாசமின்றிச் சைக்கிள் ஏறுவோர் அனைவரும் தலைக்கவசம் அணிந்தே தீரவேண்டுமென்று சட்டம் செய்து, 1990-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி முதல் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். உலகில் இத்தகைய சட்டத்தை முதன்முதல் செய்தவர்கள் அவர்களே. அடுத்த சில வருஷங்களில் ஆஸ்திரேலியாவின் மற்றப் பகுதிகளும் அதைப் பின்பற்றின. அண்டை நாடாகிய நியூஜீலந்தும் 1994 ஜனவரி 1-ந் தேதி முதல் அவ்வழியே சென்றது. அதன் பின்னரும் அங்கே விவாதம் ஓயவில்லை. 2013-ல் குவீன்ஸ்லாந்து சட்டசபைக் கமிட்டி ஒன்று, மெதுவாகச் செல்லும் பாதைகளில் வயது வந்தோருக்கு இக்கட்டாயத்தைத் தளர்த்திப் பரீக்ஷை செய்து பார்க்கலாமென்று சிபார்சு செய்தது. மாகாண சர்க்கார் அதை ஏற்கவில்லை. 2015-ல் ஆஸ்திரேலிய செனட் சபையின் கமிட்டி ஒன்று, தனி மனிதனின் இஷ்டத்தில் சட்டம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்று விசாரணை தொடங்கியபோது, சைக்கிள் தலைக்கவசத்தையும் தன் விசாரணைக்குரிய விஷயங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

நம் நாட்டில் சைக்கிளுக்கு இத்தகைய சட்டம் இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே உண்டு. எனினும் விபத்துச் செய்திகளைப் படித்து மனம் நொந்த நல்லெண்ணமுடைய கனவான்கள் சிலர், "மோட்டார் சைக்கிளுக்கு உள்ள கட்டாயத்தைச் சைக்கிளுக்கும் ஏன் விரிக்கலாகாது?" என்று அவ்வப்போது கேட்கின்றனர். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனைகளே அதிக ஜாக்கிரதையுடன் பரிசீலிக்கப்பட வேண்டியவை என்பது நமது அநுபவம். கெட்டவன் சொல்லும் யோசனையை யாரும் ஆராயாமல் ஏற்பதில்லை; நல்லவன் சொன்னால் ஆராய்வதற்கே கூச்சப்படுகிறோம்.

முதலில் ஒன்றை ஐயந்திரிபறச் சொல்லிவிடுகிறோம். தலைக்கவசம் பயனுள்ள பொருளே. 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்று நம் பெரியோர் சொல்லிவைத்தது இங்கே அக்ஷர சுத்தமாகப் பொருந்துகிறது. சைக்கிள் தலைக்கவசத்தின் உட்புறம் இறுகிய நுரைப்பொருளால் ஆனது. தலை தரையில் மோதும் கணத்தில் அந்த நுரை நசுங்குகிறது; அது நசுங்கும் அந்தச் சிறு நேரத்தில், மண்டையோட்டின்மீதும் மூளையின்மீதும் நேரே விழ வேண்டிய அதிர்ச்சியின் பெரும்பகுதியைத் தான் வாங்கிக்கொண்டு அழிந்துபோகிறது. காயமுற்ற 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களைப் பற்றிப் பல நாடுகளில் வெளியான ஆராய்ச்சிகளை 2016-ல் ஒருங்கு சேர்த்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு அணியாதவர்களைவிட மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருப்பதாகக் கண்டார்கள். ஆகையால், கட்டாயத்தை எதிர்க்கும் ஆவேசத்தில் கவசமே வீண் என்று பேசுவோருடன் நாம் சேரமாட்டோம். அது உண்மைக்கு விரோதம். உண்மைக்கு விரோதமான வாதத்தால் சுதந்திரத்துக்கு எந்நாளும் நன்மை விளைந்ததில்லை.

கட்டாயக் கட்சியாரின் வாதத்தை அதன் முழு வலிமையுடன் எடுத்துக் கூறுவது நமது கடமை. விக்டோரியாவில் 1980-களின் தொடக்கத்திலிருந்து, பள்ளிக்கூடங்களிலும் பத்திரிகைகளிலும் இடைவிடாமல் பிரசாரம் செய்து, கவசத்தின் விலையில் ஒரு பகுதியைச் சர்க்காரே கொடுத்தும், 1990-ம் வருஷ ஆரம்பத்தில் நூற்றுக்கு 31 பேரே அதை அணிந்தார்கள். சட்டம் வந்த பின் ஒரே வருஷத்தில் அத்தொகை 75-ஆக உயர்ந்தது. தலைக்காயத்துக்காக நஷ்ட ஈடு கோரிய சைக்கிள்காரர்களின் தொகை முதல் வருஷத்தில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; இரண்டாம் வருஷத்தில் இன்னும் குறைந்தது. "பல வருஷப் பிரசாரம் செய்யாததை ஒரு வருஷச் சட்டம் செய்துவிட்டது, இன்னும் என்ன அத்தாக்ஷி வேண்டும்?" என்கின்றனர். பலமான வாதந்தான்.

ஆனால் கணக்குப் புஸ்தகத்தின் ஒரு பக்கத்தை மாத்திரம் படித்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. மறுபக்கத்தில் எழுதியிருப்பது என்ன? மெல்போர்ன் நகரில் ஒரே இடங்களில் நின்று சட்டத்துக்கு முன்னும் பின்னும் சைக்கிள்களை எண்ணியபோது, 1990-ல் இருந்த தொகை 1991-ல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குறைந்தவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். அதாவது, கவசம் அணிய மனமில்லாதவர்களில் ஒரு பகுதியார் சட்டத்துக்குப் பணிந்து கவசம் அணிந்தார்கள். மற்றொரு பகுதியார் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். ஏறுவோர் குறைந்தால் விழுவோரும் குறைவர் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அதே சமயத்தில் அம்மாகாணத்தார் குடித்துவிட்டு வண்டியோட்டுவோரைப் பிடிக்கவும், வேகமாகச் செல்லும் மோட்டார்களைப் படம் பிடித்து அபராதம் போடவும் கடுமையான ஏற்பாடுகளைச் செய்திருந்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. காயங்கள் குறைந்ததில் கவசத்துக்கு ஒரு பங்கு நிச்சயமாக உண்டு. ஆனால் முழுப் பெருமையையும் அதற்கே சூட்டுவது அறிவுடைமையாகாது.

மற்றும் சில சம்பவங்களையும் கவனிக்க வேண்டும். மெல்போர்னில் 2010-ல் பொதுச் சைக்கிள் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. வீதியோரத்தில் நிற்கும் சைக்கிளை எடுத்துச் சென்று, வேண்டிய இடத்தில் விட்டுவிடலாம். ஆனால் கையில் கவசம் இல்லாதவன் அதைத் தொடக்கூடாது. கடைகளில் மலிவு விலைக்குக் கவசம் விற்றுப் பார்த்தார்கள். அப்படியும் திட்டம் செழிக்கவில்லை; 2019-ல் நின்றுவிட்டது. அதன் நலிவுக்கு இந்த நிபந்தனையும் ஒரு காரணமென்று பலரும் கூறினர். இதற்கு மாறாக, மெக்ஸிகோ நகரத்தார் 2010-ல் இதே மாதிரித் திட்டத்தைத் தொடங்கும்போது, தங்களிடமிருந்த கவசக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இஸ்ரேல் 2007-ல் கட்டாயம் விதித்து, நகரங்களில் செல்லும் வயது வந்தோரை 2011-ல் அதிலிருந்து விடுவித்தது. ஆஸ்திரேலியாவிலேயே வட பிரதேசத்தில், 17 வயது நிரம்பியவர்கள் நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் கவசமின்றிச் செல்லலாம். கட்டாயத்தை ருசி பார்த்தவர்களே அதைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்பது ஆலோசிக்கத் தக்கது.

நிற்க. தத்துவ ரீதியாக இவ்விஷயத்தைப் பார்ப்போம். ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர் 1859-ல் வெளியிட்ட சுதந்திரத்தைப் பற்றிய நூலில் ஓர் உதாரணம் சொல்லுகிறார். இடிந்து விழும் நிலையிலுள்ள பாலத்தின்மீது ஒருவன் அபாயத்தை அறியாமல் செல்லப் பார்க்கிறான்; எச்சரிக்க நேரமில்லை; அவனைக் கையைப் பிடித்து நிறுத்துவது குற்றமாகாது. ஆனால் விழுவது நிச்சயமில்லாமல், விழக்கூடும் என்ற அபாயம் மட்டும் இருந்தால், அறிவு நிரம்பிய மனிதனை எச்சரித்து விட்டுவிட வேண்டியதே; துணிவதும் துணியாததும் அவன் பொறுப்பு என்பது அவர் முடிவு. சைக்கிள்காரன் பாலத்தின்மீது செல்லும் இரண்டாவது மனிதனையே ஒத்திருக்கிறான். அவன் நாள்தோறும் ஆயிரம் முறை பெடலை மிதிக்கிறான், அநேகமாக விழுவதில்லை, விழுந்தாலும் பிறரை நசுக்குவதில்லை. அவனுக்கு அபாயத்தை எடுத்துச் சொல்லுவது நமது கடமை. அவன் கையைப் பிடித்து நிறுத்துவது நமது அதிகாரத்துக்கு உட்பட்டதன்று.

"அப்படியானால் மோட்டார் சைக்கிளுக்குள்ள கட்டாயத்தையும் எடுத்துவிடச் சொல்லுகிறீரோ?" என்று கேட்கலாம். இல்லை. அக்கட்டாயத்தை நாம் முழு மனத்துடன் ஆதரிக்கிறோம். 1935-ல் லாரன்ஸ் என்னும் புகழ்பெற்ற பிரிட்டிஷ் போர்வீரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலைக்காயத்தால் சில நாட்களில் மரணமடைந்தார். அவருக்குச் சிகிச்சை செய்ய வந்தவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை சிகிச்சை நிபுணர். அவர் அதன்பின் பல விபத்துக்களை ஆராய்ந்து, கவசம் உயிர் காக்கும் என்பதை 1941-ல் வெளியிட்டார். பிரிட்டனில் 1973-ல் மோட்டார் சைக்கிளுக்குக் கவசம் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு அதையே விதிக்கிறது. அதே வருஷத்தில், இத்தகைய விதி பிரஜைகளின் சஞ்சார சுதந்திரத்தைப் பறிக்கிறதென்ற வாதத்தை நமது சுப்ரீம் கோர்ட்டு நிராகரித்தது. தமிழ்நாட்டில் ஹைகோர்ட்டின் உத்தரவின் பேரில் 2015 ஜூலை 1-ந் தேதி முதல் அது கண்டிப்பாக அமுல் செய்யப்பட்டது. 2019-ம் வருஷத் திருத்தத்தின்படி, தவறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு.

இரண்டுக்கும் பேதம் என்ன? மோட்டார் சைக்கிள் என்பது இயந்திர சக்தியால் பாயும் வாகனம். அதை ஓட்டுவது பிறவியுரிமையன்று. பரீக்ஷையில் தேறி, சர்க்காரிடம் லைசென்ஸ் பெற்று, நிபந்தனைக்குட்பட்டுப் பெறும் சலுகை. நிபந்தனையுடன் கொடுத்ததில் இன்னொரு நிபந்தனையைச் சேர்ப்பதால் உரிமை பறிபோவதில்லை. அபாயத்தின் அளவோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2022-ம் வருஷத்தில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 74,000-க்கு மேற்பட்டோர் மோட்டார் பொருத்திய இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். இறந்தோரில் 50,000-க்கு மேற்பட்டோர் அவ்வண்டிகளில் கவசமின்றிச் சென்றவர்கள் என்று மத்திய சர்க்காரின் கணக்கே சொல்லுகிறது. சைக்கிளோ, கால்நடைக்கு அடுத்தபடி. நடப்பவன் காலுக்கு இரண்டு சக்கரங்கள் முளைத்தது போன்றது. நடப்பதற்கு லைசென்ஸ் கேட்காத சர்க்கார், சைக்கிளுக்கும் கேட்பதில்லை.

அதே கணக்கில் மற்றொரு தொகையையும் பாருங்கள். அவ்வருஷம் சாலையில் இறந்த பாதசாரிகள் 32,000-க்கு மேல். சைக்கிள்காரர்கள் நாலாயிரத்துக்கு மேல். பாதசாரிகளிலும் அநேகர் தலையில் அடிபட்டே இறந்திருப்பர். அவர்கள் ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிந்து கடைவீதிக்குச் செல்ல வேண்டுமென்று எந்தக் கனவானும் பிரேரேபணை கொண்டுவருவதில்லை. ஏன்? நடப்பவன் நடப்பதால் சாகவில்லை, அவன்மீது வண்டியை ஏற்றியவனால் செத்தான் என்பது அனைவருக்கும் தெரியும். அந்தத் தெளிவு சைக்கிளின் விஷயத்தில் மாத்திரம் ஏன் மங்கிவிடுகிறது?

இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் முக்கிய விஷயம். ஐரோப்பாவில் சைக்கிள் தலைக்கவசத்தைப் பரீக்ஷிக்கும்போது, அதனுள் ஒரு பொய்த்தலையை வைத்துச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள். அது தரையை மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அதாவது, ஒருவன் தானே சறுக்கித் தரையில் விழும்போது காப்பாற்றுவதற்கென்றே அப்பொருள் செய்யப்பட்டிருக்கிறது. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி பின்னாலிருந்து மோதினால், மார்பும் இடுப்பும் நொறுங்கிக் கிடப்பவனுக்கு அந்த நுரைத்தொப்பி எந்த அளவுக்குத் துணை செய்யும்? ஆகவே, சாலையில் உள்ள அபாயத்தைக் கண்டு நடுங்கி, அதற்கு மருந்தாகச் சைக்கிள்காரனுக்குக் கவசம் கட்டாயம் என்பது, எய்தவன் இருக்க அம்பை நோவது மாத்திரமன்று. அம்பு பட்டவனையே நோவதாகும்.

ஹாலந்து தேசத்தின் சரித்திரம் இங்கே நமக்கு நல்ல படிப்பினையாகும். 1971-ல் அச்சிறு நாட்டில் சாலை விபத்துக்களில் 3,000-க்கு மேற்பட்டோர் மடிந்தார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தாய்மார்களும் தகப்பன்மார்களும் வீதிக்கு வந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதே அவ்வியக்கத்தின் பெயர். அவர்கள் கேட்டது தங்கள் குழந்தைகளுக்குத் தொப்பியன்று. மோட்டாரின் வேகத்துக்குக் கடிவாளத்தையும், சைக்கிளுக்குத் தனிப் பாதையையும் கேட்டார்கள். சர்க்கார் செவி சாய்த்தது. இன்று அந்நாட்டில் ஜனத்தொகையைவிடச் சைக்கிள்களின் தொகை அதிகம். சாதாரணமாகச் செல்வோரில் கவசம் அணிவோர் மிகச் சிலரே. எனினும் ஒரு பக்கத்தை மாத்திரம் படிக்கலாகாதென்று நாமே சொன்னோம். ஹாலந்திலும் 2022-ல் 291 சைக்கிள்காரர்கள் இறந்தார்கள். மோட்டார் காரில் இறந்தவர்களைவிட இது அதிகம். இறந்தவர்களில் பெரும் பகுதியினர் முதியோர். மின்சாரச் சைக்கிளின் வேகமும் இப்போது சேர்ந்திருக்கிறது. ஆகையால் அந்நாட்டு வைத்தியர்களும் சர்க்காரும், முக்கியமாக வயோதிகர்கள், கவசம் அணியுமாறு இப்போது புத்தி சொல்லி வருகிறார்கள். புத்தி சொல்லுகிறார்கள்; அபராதம் போடவில்லை.

புத்திமதி பலிக்குமா என்றால், ஹாலந்துக்கு அருகிலுள்ள டென்மார்க் பதில் சொல்லுகிறது. அங்கும் கட்டாயம் கிடையாது. 2004-ல் அந்நாட்டு நகரங்களில் சைக்கிளில் சென்றவர்களில் கவசம் அணிந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர். பள்ளிக்கூடப் போதனையாலும் விடாப்பிரசாரத்தாலும் 2022-ல் ஏறத்தாழப் பாதிப்பேர் அணிந்தார்கள். இதற்குப் பதினெட்டு வருஷங்கள் ஆயின என்பது மெய். சட்டம் ஒரு வருஷத்தில் செய்வதைப் போதனை ஒரு தலைமுறையில் செய்கிறது. ஆனால் போதனையால் அணிந்தவன் போலீஸ்காரன் இல்லாத சந்திலும் அணிகிறான். நம் ஊரில் மோட்டார் சைக்கிள்காரர் எத்தனை பேர் கவசத்தை எண்ணெய்த் தொட்டியின்மீது வைத்துச் சென்று, போலீஸார் நிற்கும் முனை வந்ததும் தலைக்கு ஏற்றுகிறார்கள் என்பதை வாசகர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அபராதத்துக்கு அஞ்சி அணிபவனுக்கு, தான் காப்பது தலையையல்ல, பணப்பையைத்தான் என்ற நினைவே நிலைத்துவிடுகிறது.

சட்டம் ஏட்டில் இருப்பது ஒரு விதம். வீதியில் நடப்பது மற்றொரு விதம். வக்கீல் தொழிலில் பழகிய நாம் இதை நன்கு அறிவோம். அமெரிக்காவில் ஸீயாட்டில் நகரை உள்ளிட்ட கிங் கவுண்டியில் 1993 முதல் சைக்கிள் கவசக் கட்டாயம் இருந்தது. 2022-ல் அதை ரத்து செய்தார்கள். கவசம் கெடுதல் என்று அவர்கள் ரத்து செய்யவில்லை; அணியுங்களென்றே இன்றும் சொல்லுகிறார்கள். ஆனால் அச்சட்டத்தின்கீழ் பிடிபட்டவர்கள் யார் என்று ஆராய்ந்தபோது, வீடு வாசலற்ற ஏழைகளும் கறுப்பின மக்களுமே தங்கள் தொகைக்கு மிஞ்சிய அளவில் பிடிபட்டது தெரியவந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ செளத் வேல்ஸ் மாகாணமோ, 71 டாலராக இருந்த அபராதத்தை 2016-ல் 319 டாலராக உயர்த்தியது. ஒரு மனிதன் தனக்குத்தானே செய்துகொள்ளக்கூடிய தீங்குக்கு இது தண்டனையாம்!

நம் நாட்டில் இத்தகைய சட்டம் வந்தால் என்னவாகும்? 'ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி' என்ற பழமொழி நமக்குத் தெரியாததன்று. இரவில் விளக்கில்லாமல் சென்றதற்காகவும், பின்னால் ஓர் ஆளை ஏற்றிச் சென்றதற்காகவும் சைக்கிள்காரனை மறித்து, டயரில் உள்ள காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் முதியோருக்கு ஞாபகமிருக்கும். இன்று நம் தேசத்தில் சைக்கிளில் செல்வோர் யாவர்? உடற்பயிற்சிக்காக விடியற்காலையில் செல்லும் தனவந்தர்கள் சிலர் உண்டு. அவர்கள் சட்டமில்லாமலே கவசம் அணிகிறார்கள். மற்றவர்கள் யார்? பால்காரர், பத்திரிகை போடும் பையன், கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், மில்லின் இரவு முறை முடிந்து திரும்பும் தொழிலாளி, கிராமத்திலிருந்து உயர்தரப் பள்ளிக்குச் செல்லும் மாணவி. பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிப்பதற்காகவே சைக்கிள் மிதிப்பவர்களிடம் அபராதம் கேட்பது, வறுமைக்கு வரி போடுவதாகும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் நடந்ததை இங்கே நினைவுறுத்துகிறோம். அறிவொளி இயக்கம் எழுத்துக் கற்பித்ததோடு, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்பித்தது. கூலி வேலை செய்யும் ஸ்திரீகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிளேறிப் பழகினார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் யாருடைய தயவையும் எதிர்பாராமல் சென்றார்கள். ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள்; ஆயினும் அப்பெண்களைத் தடுக்க ஒருவராலும் இயலவில்லை. அச்சமயத்தில், "தலைக்கவசம் வாங்கி வந்த பின் ஏறு" என்று ஒரு சட்டம் குறுக்கே நின்றிருந்தால், அவர்களில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்? இரவல் சைக்கிளிலும் வாடகைச் சைக்கிளிலும் கற்றுக்கொண்ட அவர்களுக்கு இரவல் கவசம் யார் கொடுத்திருப்பார்கள்? விழாமல் காப்பதற்கென்று வந்த சட்டம் அவர்களை எழாமலே தடுத்திருக்கும்.

இனி, ஆக்ஷேபணைகளில் இரண்டுக்குப் பதில் கூறி முடிப்போம். "ஒருவன் தலையை உடைத்துக்கொண்டால் சர்க்கார் ஆஸ்பத்திரிதானே செலவு செய்கிறது? ஆகையால் அது அவன் சொந்த விஷயமன்று" என்பது முதலாவது. இந்நியாயத்தை ஒப்புக்கொண்டால் அதற்கு எல்லை ஏது? அளவு மீறி இனிப்புத் தின்பவனும், உடலசையாமல் உட்கார்ந்தே காலங் கழிப்பவனும் ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறார்கள். சைக்கிள் மிதிப்பவனோ, தன் தேகத்தை உறுதிப்படுத்தி, புகையும் இரைச்சலும் உண்டாக்காமல், சாலையில் சிறிது இடத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறான். அவன் பொதுப் பணத்துக்குக் கடன்காரனல்லன். கணக்குப் பார்த்தால் சமூகமே அவனுக்குக் கடன்பட்டிருக்கும்.

இரண்டாவது, நம் போன்ற வக்கீல்கள் எழுப்புவது. 2009-ல் இங்கிலாந்து ஹைகோர்ட்டில் ஒரு நஷ்ட ஈட்டு வழக்கில், கட்டாயச் சட்டம் இல்லாவிட்டாலும், கவசம் அணியாத சைக்கிள்காரன் தன் காயத்துக்குத் தானும் ஓரளவு பொறுப்பாளியாகக்கூடும் என்று நியாயாதிபதி கூறினார். எனினும் அவ்வழக்கில் கவசம் இருந்திருந்தால் காயம் குறைந்திருக்கும் என்பது ருசுவாகாததால், நஷ்ட ஈட்டைக் குறைக்கவில்லை. இதிலிருந்து நாம் அறிவது யாது? இஷ்டம் என்பது பொறுப்பின்மையல்ல. சட்டம் வற்புறுத்தாத இடத்திலும் விவேகம் வற்புறுத்துகிறது. ஆனால் கட்டாயம் வந்துவிட்டால், மோதிய மோட்டார்காரனின் முதல் வாதம், "அவன் தொப்பி போடவில்லை" என்பதாகவே இருக்கும். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் சாக்ஷிக் கூண்டிலேறிப் பேசத் தொடங்குவான்.

குழந்தைகளின் விஷயம் வேறு. மில் கூறும் சுதந்திரமும் வயது வந்தவர்களுக்கே உரியது. ஸ்வீடன் 2005 முதல் 15 வயதுக்குட்பட்டோருக்கு மாத்திரம் கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் நாட்டில் பெற்றோரும் ஆசிரியரும் இப்பொறுப்பை ஏற்கட்டும். தமிழ்நாட்டுச் சர்க்கார், அரசினர் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கி வருகிறது. மிக நல்ல திட்டம். ஒவ்வொரு சைக்கிளுடனும் நம் வெயிலுக்கேற்ற, காற்றோட்டமுள்ள, இலேசான கவசம் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கட்டும். அதை அணிவது எப்படி, பட்டையை எவ்வளவு இறுக்குவது என்று பள்ளியிலேயே கற்பிக்கட்டும். கொடுத்துவிட்டுச் சொன்னால் சொல்லுக்கு மதிப்புண்டு. கொடாமல் தண்டிப்பது அரச தர்மமாகாது.

சர்க்கார் கட்டாயப்படுத்த விரும்பினால், கட்டாயப்படுத்துவதற்கு விஷயங்கள் நிறைய உண்டு. பள்ளிக்கூடங்களும் கடைவீதிகளும் உள்ள இடங்களில் மோட்டார்கள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாதென்று கட்டாயப்படுத்துக. 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மகாநாடு, மோட்டார்களும் மக்களும் கலந்து செல்லுமிடங்களில் இந்த வேகத்தையே சிபார்சு செய்திருக்கிறது. புதிய சாலை போடும்போது சைக்கிளுக்குப் பாதை விடாத இஞ்சினீயரைக் கட்டாயப்படுத்துக. விட்ட பாதையில் மோட்டாரை நிறுத்துபவனைக் கட்டாயப்படுத்துக. மூடாத பள்ளத்துக்கும் எரியாத விளக்குக்கும் பொறுப்பாளியான முனிசிபாலிடியைக் கட்டாயப்படுத்துக. இவையெல்லாம் செய்து முடித்த பிறகும் சைக்கிள்காரன் தலைமேல் கை வைக்க வேண்டுமென்று தோன்றினால், அப்போது அதைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டாயத்தை நாம் எதிர்ப்பதால், கவசத்தை எதிர்க்கிறோம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. சுதந்திரம் என்பது பிறர் சொல்லாமல் தானே செய்வது. வசதியுள்ளவர்கள் கவசம் வாங்கி அணியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அணிவியுங்கள். மோட்டார் ஓட்டும்போது முன்னே செல்லும் சைக்கிளுக்கு வழி விட்டு மெதுவாகச் செல்லுங்கள். இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதே பல தலைகளைக் காக்கும். அதற்குச் சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்க வேண்டியதில்லை.